எங்கள் வீட்டுக் கணனி ஏன் நின்று நின்று போனது?

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் குரங்கு ஒன்று புகுந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது வாசக சகோதரிகளுக்கு நினைவிருக்கும். அதற்கு அடுத்த இரண்டு நாட்களும் ஒன்றரை மணித்தியால மின்வெட்டும் இருந்தது. அந்த வாரத்தில்தான் எங்கள் வீட்டுக் கணனி தானாக நின்று, தானாகவே மறுபடி தொடங்கும் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரும் பழியைக் குரங்கின் தலையிலேயே போட்டார்கள். நானும் நான்கைந்து நாட்கள் அப்படித்தான் நம்பினேன்.

அந்தக் கணனி கடையில் முழுதாக வாங்கியதல்ல. 2021ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடிக் கிடந்த காலத்தில், மகளின் இணையவழி வகுப்புகளுக்காக என் தங்கையின் மகன் பாவித்த உதிரிப்பாகங்களாகத் தேடி வாங்கி, எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பொருத்தித் தந்தது. இன்ரெல் ஐ5 நான்காம் தலைமுறைப் புரசெசர், 8 ஜிபி ராம், ஒரு பழைய மதர்போட். கேசிங் மட்டும் புதிது. கேசிங் வாங்கும்போது அதற்குள்ளேயே பவர் சப்ளையும் பொருத்தித் தந்துவிடுகிறார்கள். "500 வாற்" என்று பெரிய எழுத்தில் அதில் இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. வீட்டில் சோற்றுப் பானையைத் தாங்கும் அடுப்புக் கல்லை யார் யோசிக்கிறார்கள்?

மகளின் வகுப்புகள் முடிந்தபின் கணனி என் கைக்கு வந்தது. தமிழ்த் தட்டச்சு, திருமண அழைப்பிதழ், 31ஆம் நாள் நினைவு மலர் என்று சிறு சிறு வேலைகள் செய்து கொடுப்பேன். இப்போதெல்லாம் நினைவு மலரோடு ஒரு வீடியோவும் கேட்கிறார்கள். இறந்தவரின் படங்களை ஒழுங்காக அடுக்கி, பின்னணியில் தேவாரம் சேர்த்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவதற்கு. அந்த வேலைக்கு வேகம் வேண்டும் என்று 2025 ஜனவரியில் பாவித்த கிராபிக்ஸ் காட் ஒன்றை வாங்கிப் போட்டேன். என்விடியா ஜிரிஎக்ஸ் 1060. அதற்கு 400 வாற் பவர் சப்ளை போதும் என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. எங்களிடம் 500 இருக்கிறதே என்று மனம் நிம்மதியாக இருந்தது.

பெப்ரவரியில் ஒரு வேலை வந்தது. எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் காலமாகிவிட்டார். அவருடைய மகள் ஒரு பழைய அல்பத்தைச் சீலையில் சுற்றிக் கொண்டுவந்து தந்தா. 1995 இடப்பெயர்வில் வீட்டிலிருந்து எடுத்துச் செல்ல முடிந்த ஒரே அல்பம் அது. சாவகச்சேரி வரை தலையில் வைத்துச் சுமந்தது என்றா. படங்களை ஸ்கான் பண்ணியதும் அல்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தியேட்டி மார்ச் முதல் வாரத்தில். நாளைத் தள்ளிப்போட முடியாத வேலை என்றால் இதுதான்.

மலர் பக்கம் பக்கமாக ஒழுங்காக முடிந்தது. நாள் முழுவதும் தட்டச்சுச் செய்தாலும் கணனிக்கு ஒன்றுமில்லை. ஆனால் வீடியோவைக் கடைசியாக ஒரே கோப்பாக்கும் வேலை, 'ரெண்டர்' என்பார்கள், அதைத் தொடங்கினால் மூன்று நான்கு நிமிடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். திரை கறுத்துவிடும். பிறகு தானாகவே முதலில் இருந்து தொடங்கும். நீலத்திரை இல்லை, பிழை அறிவித்தல் இல்லை, ஒன்றும் இல்லை. வயரை யாரோ பிடுங்கிச் செருகியது போல.

மூன்றாவது தடவை அப்படி நடந்தபோது, படங்கள் இருந்த கோப்புறையே திறக்க மறுத்தது. வட்டில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் அறுந்தால் இப்படியும் ஆகும். வேறொரு பிரதி எடுத்து வைக்காதது என் பிழை. மறுநாள் காலை அந்த வீட்டுக்குப் போய், படலையில் நின்றபடியே, "தங்கச்சி, அல்பத்தை இன்னொருக்கால் தரவேணும்" என்று கேட்டேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் அதே சீலையில் சுற்றிக் கொண்டுவந்து தந்தா. "கவனம் அக்கா" என்று மட்டும் சொன்னா. அந்த ஒரு சொல்லோடு வீட்டுக்கு வந்த பிறகுதான், இதை விட்டுப் பிடிக்கக்கூடாது என்று இருந்துவிட்டேன்.

மின்சாரமா, சூடா, பலகையா?

முதலில் திருத்துபவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல பிள்ளை. ஒருநாள் முழுவதும் தன் கடையில் போட்டு ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, இதில ஒரு பிழையும் இல்லை. உங்கட வீட்டுக் கரண்ட்தான் சரியில்லை" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து ரெண்டர் போட்டால் அதே 'டிக்'. இரண்டாம் தடவை கொண்டுபோனபோது, "அப்ப மதர்போட் போட்டுது. மாத்தவேணும். மாத்தினா புரசெசரும் ராமும் சேர்த்து மாத்தவேண்டி வரும்" என்றார். அது அரைவாசிக் கணனி. அந்த நினைவு மலரைப் போல எத்தனை மலர் செய்தால் அந்தக் காசு வரும் என்று வழியெல்லாம் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவர் ஓடவிட்டுப் பார்த்தது வெறும் திரையை. கணனிக்குப் பாரம் கொடுத்துப் பார்க்கவில்லை. இது எனக்கு அப்போது விளங்கவில்லை. கொழும்பில் இருக்கும் பெறாமகன்தான் தொலைபேசியில் கேட்டான்: "பெரியம்மா, சும்மா நிக்கேக்க நிக்குதா, வேலை செய்யேக்க நிக்குதா?" வேலை செய்யும்போது, அதுவும் பாரமான வேலையின்போது மட்டும் என்றேன். "அப்ப ஒவ்வொண்டா கழிச்சுக்கொண்டு வாங்கோ" என்றான். அன்றிரவிலிருந்து மகளும் நானும் அதைத்தான் செய்தோம்.

முதலாவது வீட்டு மின்சாரம். என் கணவர் தண்ணீர் மோட்டார் பார்க்க வாங்கிய மல்ரிமீற்றர் ஒன்று வீட்டில் இருந்தது. எங்கள் நாட்டு மின்சாரம் 230 வோல்ற். அதில் 6 வீதம் கூடிக் குறையலாம் என்பது விதி. எங்கள் சுவரில் காலையில் 231, எல்லோரும் மின்குமிழ் போடும் இரவு ஏழரை மணிக்கு 219. குறைவுதான், ஆனால் விதிக்குள் அடங்கும். அத்தோடு காலை பத்து மணிக்கும் கணனி நின்றது. குரங்குக்கு விடுதலை.

இரண்டாவது யூபிஎஸ். எங்களுடையதில் 650 விஏ என்று முன்புறம் பெரிதாகவும், 360 வாற் என்று பின்புறம் சிறிதாகவும் எழுதியிருக்கிறது. 650 விஏ என்றால் 650 வாற் தாங்கும் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். யூபிஎஸ்ஸைத் தவிர்த்து நேரடியாகச் சுவரில் செருகிப் பார்த்தோம். மாற்றமில்லை.

மூன்றாவது சூடு. வலிகாமத்துச் செம்மண் புழுதி நான்கு வருடமாகச் சேர்ந்து, புரசெசரின் மின்விசிறியில் கம்பளிபோல ஒட்டியிருந்தது. பெயின்ற் அடிக்கும் மெல்லிய தூரிகையால் துடைத்து எடுத்தோம். வெப்பத்தைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தபோது, கணனி நிற்கும் கணத்தில் புரசெசர் 66 பாகை செல்சியஸ். அந்த வகைக்கு இது பயப்படும் சூடல்ல.

நான்காவது, விண்டோஸ் தானே எழுதி வைக்கும் நாட்குறிப்பு. 'இவென்ற் வியூவர்' என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு தடவை நின்ற நேரத்துக்கும் 'கேர்னல் பவர் 41' என்ற ஒரே பதிவு. இது நோயின் பெயர் அல்ல. கணனி முறையாக மூடப்படாமல் அறுந்து போனது என்று மட்டுமே அது சொல்கிறது. ஆனால் நீலத்திரையும் வேறு பிழைப் பதிவுகளும் இல்லாமல் இது மட்டும் இருந்தால், மென்பொருளை விட்டுவிட்டு மின்சாரம் வரும் வழியைப் பார்ப்பது நல்லது. ராமையும் ஒரு இரவு முழுவதும் சோதிக்க விட்டோம். விடியும்வரை ஒரு பிழைகூட இல்லை. அதோடு பலகை மேல் இருந்த சந்தேகமும் கொஞ்சம் குறைந்தது.

காட்டைக் கழற்றினோம்

அடுத்த இரவு கிராபிக்ஸ் காட்டைக் கழற்றி வைத்தோம். இந்தப் புரசெசருக்கு உள்ளேயே திரைக்குப் படம் கொடுக்கும் வசதி இருப்பதால், மொனிற்றர் வயரை மதர்போட்டில் இருக்கும் துளைக்கு மாற்றினால் காட் இல்லாமலும் கணனி ஓடும். இரவு பத்து மணிக்கு ரெண்டர் தொடங்கினேன். நான்கு நிமிடம் கடந்தது. பத்து நிமிடம் கடந்தது. நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து கதிரையில் அப்படியே இருந்தேன். வேகம் ஆமை வேகம். 22 நிமிட வீடியோவுக்கு ஐந்தரை மணித்தியாலம். ஆனால் நிற்கவில்லை. அதிகாலை மூன்றரைக்கு வீடியோ முழுதாக வந்தது. ஆசிரியை வெள்ளைச் சேலையோடு தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் நிற்கும் படத்தோடு அது முடியும். உடனே இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்தேன். அந்தியேட்டிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

வேலை முடிந்தது, வருத்தம் முடியவில்லை. இப்போது குற்றவாளிகள் இருவர்: ஒன்று பாவித்த காட், அல்லது அதற்கு மின்சாரம் கொடுக்க முடியாத பவர் சப்ளை. காட் பழுது என்று முடிவெடுத்து இன்னொன்று வாங்கினால், அதுவும் இதே போல நிற்கலாம். காசு இரண்டு தடவை போகும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள் என்று பெறாமகன் சொன்னான்.

மல்ரிமீற்றரைத் திரும்பவும் எடுத்தோம். பவர் சப்ளையிலிருந்து வரும் வயர்களில் மஞ்சள் 12 வோல்ற், சிவப்பு 5 வோல்ற், செம்மஞ்சள் 3.3 வோல்ற், கறுப்பு பூச்சியம். 12 வோல்ற் என்றால் 11.4க்குக் கீழே போகக்கூடாது, 12.6க்கு மேலே ஏறக்கூடாது. 5 வோல்ற் 4.75க்கும் 5.25க்கும் இடையில் இருக்கவேண்டும். பாவிக்காமல் தொங்கிக்கொண்டிருந்த நான்கு குழி இணைப்பு ஒன்றில், கறுப்பில் ஒரு முனையையும் மஞ்சளில் ஒரு முனையையும் நான் அசையாமல் பிடித்துக்கொள்ள, மகள் இலக்கங்களை வாசித்தாள். சும்மா நிற்கும்போது 11.84. காட்டைத் திரும்பப் போட்டு ரெண்டரைத் தொடங்கினோம். "அம்மா, 11.51... 11.38... 11.26..." 'டிக்'.

மறுபடி தொடங்கி, இந்தத் தடவை சிவப்பில் பார்த்தோம். அது குறையவில்லை, 5.31 வரைக்கும் ஏறியது! மலிவான பவர் சப்ளைகளில் 12 வோல்ற்றையும் 5 வோல்ற்றையும் ஒரே கட்டுப்பாட்டில் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ஒருபக்கம் இழுத்துப் பிடித்தால் மறுபக்கம் எழும்பும்.

ஒரு எச்சரிக்கை. மல்ரிமீற்றரில் இலக்கம் சரியாக இருந்தால் பவர் சப்ளை நல்லது என்று சொல்லிவிட முடியாது. கண் இமைக்கும் நேரத்தில் விழுந்து எழும்பும் வோல்ற்றளவை இந்தச் சிறிய கருவி காட்டாது. குறைவாகக் காட்டினால் அது சாட்சி. சரியாகக் காட்டினால் அது சாட்சி அல்ல. அதேபோல, பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் தொடுத்துப் பார்ப்பார்கள். மின்விசிறி சுற்றினால் பவர் சப்ளை நல்லது என்று சிலர் முடிவு கட்டுவார்கள். அது உயிரோடு இருக்கிறது என்பதற்குத்தான் அத்தாட்சி. மூட்டை தூக்கும் என்பதற்கு அல்ல.

லேபலில் இருந்த கணக்கு

அப்போதுதான் கேசிங்கைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, ரோர்ச் அடித்து, பவர் சப்ளையில் ஒட்டியிருந்த லேபலை முதன்முறையாக முழுதாக வாசித்தோம். நான்கு வருடமாக எங்கள் வீட்டில் இருந்த கடுதாசி அது.

3.3 வோல்ற்றுக்கு நேரே 20 அம்பியர். 5 வோல்ற்றுக்கு நேரே 24 அம்பியர். 12 வோல்ற்றுக்கு நேரே 14 அம்பியர்.

வோல்ற்றை அம்பியரால் பெருக்கினால் வாற். மகள் கொப்பியின் பின்பக்கத்தில் பெருக்கினாள். 66, 120, 168. எல்லாவற்றையும் கூட்டினாலும் 354. இன்னும் இரண்டு சின்ன வரிசைகள் இருந்தன, அவற்றையும் சேர்த்தால் 370. ஐந்நூறு எங்கே? எங்கேயும் இல்லை. அந்த 500 கடுதாசியில் மட்டும் இருந்த 500.

அதைவிடப் பெரிய விசயம் இன்னொன்று. இந்தக் காலத்துக் கணனியில் புரசெசரும் கிராபிக்ஸ் காட்டும் தங்கள் மின்சாரத்தைப் பெரும்பாலும் 12 வோல்ற் வயரில் இருந்துதான் எடுக்கின்றன. 5 வோல்ற்றிலும் 3.3 வோல்ற்றிலும் எவ்வளவு அள்ளிக் கொடுத்தாலும் அவற்றுக்கு உதவாது. எங்கள் புரசெசருக்கு 84 வாற், காட்டுக்கு 120 வாற், மொத்தம் 204. அதை 12ஆல் பிரித்தால் 17 அம்பியர். ஹார்ட் டிஸ்க்கும் மின்விசிறிகளும் வேறு. லேபல் தருவதாகச் சொல்வதோ 14. அதையும் உண்மையில் தருமோ தெரியாது. பவர் சப்ளை சூடாகச் சூடாக அதன் தாங்குசக்தியும் குறையும். அதனால்தான் தொடங்கியவுடன் நிற்காமல் நான்கு நிமிடம் இழுத்துப் பிடித்திருக்கிறது, பாவம்.

இனி எல்லாம் விளங்கியது. காட் இல்லாத நான்கு வருடமும் 12 வோல்ற் வயரில் பத்து அம்பியரைத் தாண்டும் தேவை வந்ததே இல்லை. காட் வந்த பிறகும், தட்டச்சுச் செய்யும்போது அது 10 வாற்றும் எடுப்பதில்லை. ரெண்டர் தொடங்கும்போதுதான் இருவரும் ஒன்றாகக் கை நீட்டுகிறார்கள். 400 வாற் போதும் என்று காட் நிறுவனம் சொன்னது பொய்யல்ல. அவர்கள் சொன்னது உண்மையான 400.

இன்னொன்றும் கண்டோம். எங்கள் பவர் சப்ளையில் காட்டுக்கென்று ஆறு குழி வயர் இல்லாததால், காட்டோடு தந்த ஒரு மாற்று வயரைப் போட்டிருந்தோம். அதன் வெள்ளைப் பிளாஸ்ரிக், மஞ்சள் வயர் நுழையும் இடத்தில் தேயிலைச் சாயம் போல நிறம் மாறியிருந்தது. மூக்கருகில் கொண்டுபோனால் கருகிய மணம். கணனி நிற்பதோடு விட்டது எங்கள் அதிர்ஷ்டம்.

முடிவை உறுதிப்படுத்த, மகளின் நண்பி வீட்டிலிருந்து நல்ல பவர் சப்ளை ஒன்றை ஒரு மாலைப்பொழுதுக்கு இரவல் வாங்கி, கேசிங்குக்கு வெளியே மேசையில் வைத்தே தொடுத்துப் பார்த்தோம். அதே காட், அதே பலகை, அதே வீட்டு மின்சாரம். நிற்கவில்லை. மாற்றவேண்டியது ஒன்றே ஒன்று என்று ஆயிற்று.

கொழும்பிலிருந்து வந்த பெட்டி

பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவுக்குப் பெறாமகன் போனான். "வாற்றைப் பாராதை. லேபலைப் படம் எடுத்து அனுப்பு, நான் பார்த்துச் சொல்லுறன்" என்றேன். அவன் சிரித்தான், ஆனால் அனுப்பினான். மூன்று படங்கள். மூன்றாவது 550 வாற். 12 வோல்ற்றுக்கு நேரே 42 அம்பியர். பெருக்கினால் 504. சொன்ன வாற்றில் பத்தில் ஒன்பது பங்கு 12 வோல்ற்றிலேயே வருகிறது. இப்படி இருந்தால்தான் இந்தக் காலத்துப் பவர் சப்ளை. காட்டுக்கு வேண்டிய வயரும் அதிலேயே இருந்தது. எங்களுக்கு 450 போதும்தான். விலை வித்தியாசம் சிறிது என்பதால் பெரியதை எடுத்தோம். ஐந்து வருட உத்தரவாதம்.

'80 பிளஸ்' என்ற முத்திரையும் அதில் இருந்தது. 2004இல் தொடங்கிய சான்றிதழ் இது. சுவரில் இருந்து எடுக்கும் நூறு வாற்றில் குறைந்தது எண்பதாவது கணனிக்குப் போய்ச் சேரும், மிச்சம்தான் சூடாக வீணாகும் என்பது அதன் கருத்து. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மேலே போகப் போக வீணாவது குறையும். மின்கட்டணத்துக்கு நல்லது. ஆனால் அது சிக்கனத்துக்கான முத்திரை மட்டுமே. எத்தனை வருடம் உழைக்கும், வோல்ற்றளவு ஆடாமல் நிற்குமா என்பதை அது சொல்லாது.

இரவு பஸ்ஸில் வந்த பெட்டியைக் காலையில் எடுத்து வந்து, பழையதையும் கழற்றி, இரண்டையும் சமையலறைத் தராசில் வைத்தேன். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத சோதனை, எனக்கு ஒரு ஆசை. பழையது 800 கிராமுக்குக் கொஞ்சம் கூட. புதியது அதைப்போல இரண்டு மடங்கு. உள்ளே இருக்க வேண்டிய செம்பையும் அலுமினியத்தையும் பழையதில் எவ்வளவு மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று விளங்கியது.

மாற்றும் வேலை ஒரு பெண் தனியாகச் செய்யக்கூடியதுதான். பிளக்கைக் கழற்றி, தொடக்கும் பொத்தானை ஒரு தடவை அமத்தி மிச்ச மின்சாரத்தைப் போகவிட வேண்டும். வயர்களைக் கழற்ற முதல் நாலு பக்கத்தாலும் தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்புறம் நான்கு ஸ்குறூ ஆணிகள். மதர்போட்டுக்குப் போகும் 24 குழி இணைப்பில் ஒரு கொழுக்கி இருக்கும். அதை அமத்திக்கொண்டு இழுக்க வேண்டும், வயரில் பிடித்து இழுக்கக்கூடாது. புரசெசருக்கு மேலே தனியாக ஒரு இணைப்பு. எங்கள் பலகையில் நான்கு குழிதான், புதியதில் எட்டு. பதறிப்போனேன். பார்த்தால் அது நான்கு நான்காகப் பிரியும். காட்டுக்குப் போகும் வயரும் ஏறக்குறைய இதே தோற்றம்தான், ஆனால் இரண்டிலும் மஞ்சளும் கறுப்பும் இடம் மாறி இருக்கும். சரியானது மெல்ல அமத்தினால் போகும். போகவில்லை என்றால் அது அந்த இடத்துக்கு உரியது அல்ல. பலம் காட்ட வேண்டாம். கழற்றக்கூடிய வயர்கள் உள்ள வகை வாங்கினால், ஒன்றின் வயரை இன்னொன்றுக்குப் போடவே கூடாது. உருவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஒழுங்கு வேறாக இருக்கும்.

எல்லாவற்றையும் பொருத்தி, சாமியறையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் பொத்தானை அமத்தினேன். ஒரு அசைவும் இல்லை. நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. மகள் மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, "அம்மா, பின்னுக்கு ஒரு சுவிச் இருக்கெல்லே" என்றாள்.

இப்போது சும்மா நிற்கும்போது 12.06, ரெண்டர் ஓடும்போது 11.98. அந்த 22 நிமிட வீடியோவையே மறுபடி போட்டுப் பார்த்தேன். பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்தது.

பழைய பவர் சப்ளையை என்ன செய்வது என்று ஒரு கேள்வி வந்தது. அயல்வீட்டுப் பையன் அதில் இருக்கும் சின்ன மின்விசிறியைக் கழற்றித் தரச் சொல்லிக் கேட்டான். கொடுக்கவில்லை. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கவேண்டாம் என்று சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். 230 வோல்ற் உள்ளே போனதும் அது நேர்மின்சாரமாக மாற்றப்பட்டு, 325 வோல்ற் அளவில் கொள்ளளவிகளில் தேங்கி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் அது அங்கே இருக்கும். சில பழைய வகைகளின் பின்புறத்தில் 115, 230 என்று மாற்றும் சிவப்புச் சுவிச் ஒன்றும் இருக்கும். நம் நாட்டில் அது 230இலேயே இருக்க வேண்டும். சிறுபிள்ளைகளின் விரல் பட்டு 115க்கு மாறினால், அடுத்த தடவை போடும்போது வெடிச்சத்தம்தான் கேட்கும். அந்தப் பெட்டியின் மேல் "பாவிக்க வேண்டாம்" என்று எழுதி, இலத்திரனியல் கழிவு சேர்க்க வரும்போது கொடுப்பதற்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

அல்பத்தை இரண்டாம் தடவை திருப்பிக் கொடுக்கப் போனபோது, வீடியோ இருந்த பென் டிரைவ் இரண்டையும் சேர்த்தே கொடுத்தேன். ஒன்று கனடாவுக்கு, ஒன்று வீட்டுக்கு. அவ ரீவியில் போட்டாள். முற்றத்தில் நின்ற ஆட்கள் எல்லாம் உள்ளே வந்து, நின்றபடியே கடைசிவரை பார்த்தார்கள்.

திருத்துபவரிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என் தொலைபேசியில் இருந்த லேபல் படத்தைப் பெரிதாக்கி, விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். பிறகு தன் மேசைக்குக் கீழே இருந்த ஒரு கேசிங்கை இழுத்துப் பக்கவாட்டில் படுக்க வைத்தார். "இதுவும் ரெண்டு கிழமையா இப்பிடித்தான் நிக்குது அக்கா" என்று ரோர்ச்சை எடுத்தார்.